பத்து எண்ணும் வரை

மேஸ்திரியின் உண்மைப் பெயர் கடைப் பலகையில்கூடக் கிடையாது. ஊருக்கு அவர் பத்தெண்ணி. எந்த வண்டியின் சக்கரத்தில் பேரிங் மாற்றினாலும் ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருவார். வந்ததும் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் மேல் வலது உள்ளங்கையை அழுத்தி வைத்து, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவார். பத்து வரை கை தாங்கினால் வண்டி போகலாம். ஆறிலோ ஏழிலோ கை தானாக விலகிவிட்டால் உள்ளே நட்டு இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி கழற்ற வேண்டியதுதான். இதிலும் ஒரு சுத்தம் பார்ப்பார். பிரேக் போட்டால் அந்தச் சூடும் சேர்ந்துகொண்டு ஏமாற்றிவிடும் என்று, கடைக்கு நூறடி முன்னாலேயே காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக உருண்டு வந்து நிற்கும்வரை சீட்டில் பொறுமையாக உட்கார்ந்திருப்பார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தாலும் அவர் காதில் விழாது.

அவர் மனைவிக்குப் பெயர் கிரீஸக்கா. கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷத்திலிருந்து பேரிங்குக்குக் கிரீஸ் அடைப்பது அவள் வேலை. உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸை வைத்துக்கொண்டு, பேரிங்கின் விளிம்பால் அதை அழுத்தி அழுத்தி வெட்டுவாள். உருளைகளின் இடுக்கு வழியாக மறுபக்கம் கிரீஸ் புழு புழுவாக வெளியே வரவேண்டும். முழுச் சுற்றும் அப்படி வந்தால்தான் விடுவாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாலும் அவளிடமிருந்து லேசாகக் கிரீஸ் வாசனை வரும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அன்று திங்கட்கிழமை, மதியம் பன்னிரண்டரை மணி. சாப்பாட்டுக்கு முன் கடையின் பின்பக்கக் கல்லில் உட்கார்ந்து மேஸ்திரி கை கழுவ, அவள் மக்கில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். அழுக்குக் கையால் அவர் குழாயையும் மக்கையும் தொடக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம், இருபத்தேழு வருஷமாக அமலில் இருக்கிறது. மரத்தூளும் சோப்புத்தூளும் போட்டு அவர் கரகரவென்று தேய்த்தார். மூன்றாவது மக் தண்ணீர் ஊற்றும்போது கிரீஸ் கரைந்து உள்ளங்கை தெரிந்தது. தோல் வெளுத்து உப்பியிருந்தது. பெருவிரலுக்குக் கீழிருந்து சுண்டுவிரல் பக்கம் வரை அரைவட்டமாக ஒரு தடம், அதன் நடுவில் தோல் உரிந்து சதை சிவப்பாகத் தெரிந்தது. அந்தக் கையில்தான் அவர் மரத்தூளைப் போட்டுத் தேய்த்துக்கொண்டு, சாயங்காலம் வரப்போகிற டிராக்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"கைய விரிங்க," என்றாள்.

"என்ன?"

"வலது கை. விரிச்சுக் காட்டுங்க."

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, காலையில் எங்கேயாவது பட்டிருக்கும் என்றார்.

"எங்க படும்? இன்னைக்கு வெல்டிங் வைக்கல. அடுப்புப் பக்கம் நீங்க வரல. எந்த இன்ஜினையும் தொறக்கல." அவள் குரல் இறங்கிப் போனது. "காலைலேருந்து நீங்க சூடா ஒண்ணே ஒண்ணுதாங்க தொட்டீங்க. பாப்பா வண்டி ஹப்பு."

அந்த அரைவட்டம் ஹப் மூடியின் விளிம்பு. அவ்வளவு பேரிங் பார்த்த இருவருக்கும் அதை ஒருவருக்கொருவர் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

"பத்து எண்ணினேனே," என்றார் மேஸ்திரி.

"எண்ணினீங்க. நானும் பக்கத்துலதான் நின்னேன்."

பாப்பா அவர்களுடைய ஒரே மகள். இருபத்தாறு வயதாகிறது. மேலூருக்குப் போகிற மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறாள். பதினோரு கிலோமீட்டர், பதினாலு வளைவு, மழைக்காலத்தில் ஓடையும் பாதையும் ஒன்றாகிவிடும் மண்ரோடு. நாலு சக்கரத்துக்கும் விசை போகிற வண்டி தவிர வேறு எதுவும் ஏறாது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேலூரின் நாற்பது வீட்டுக்கும் மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு போவாள். இறக்கிவிட்டு, வாரம் ஒருமுறை மேலே தங்கி வரும் நர்ஸம்மாவை ஏற்றிக்கொண்டு இரண்டு மணிக்கு இறங்குவாள். இன்றைக்கு நர்ஸம்மாவோடு நாலு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வருகிறார்கள், நாளைக்குக் கீழே பரீட்சை. வண்டி ஏறும்போதுகூடப் பரவாயில்லை. இறங்கும்போது ஒன்பதாம் வளைவுக்கும் ஆறாம் வளைவுக்கும் நடுவில் சறுக்கு என்று ஒரு இடம் வரும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. அந்த இடத்தில் வண்டியின் கனமெல்லாம் முன்சக்கரத்தில்தான் நிற்கும். வலது முன்சக்கரத்தில்தான் காலையில் பேரிங் மாற்றியது.

கிரீஸக்கா ஈரக்கையோடு ஓடிப்போய் போனை எடுத்தாள். மூன்றாம் வளைவைத் தாண்டினால் மகளின் போன் எடுக்காது என்பது தெரியும். தெரிந்தும் நான்கு தடவை போட்டாள். அடிவாரத்துச் சாவடியில் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்கும் காவல்காரருக்குப் போட்டாள். பதினொன்று பத்துக்கே வண்டி ஏறிவிட்டது, மேலூரில் ஒரு வீட்டில் போன் இருக்கிறது, பாறைமேல் ஏறி நின்றால்தான் அவர்களுக்கு மணி அடிக்கும், முயற்சி பண்ணுகிறேன் என்றார் அவர். சோற்றுப் பானை அடுப்பிலேயே இருந்தது. அடுப்பை அணைக்க வேண்டும் என்று தோன்றி, அணைத்துவிட்டு, ஒரு துணிப்பையை எடுத்தாள்.

பையில் என்ன போட்டாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. கை தானாகப் போட்டது. நட்டுக் கழற்றும் குழாய் ஸ்பானர், சுத்தியல், உளி, ஒரு டப்பா கிரீஸ், துணி. காலையில் கழற்றிப் போட்ட பழைய பேரிங் இரண்டில் வெளிப் பேரிங் மட்டும் தேயாமல் நன்றாகத்தான் இருந்தது. எதையும் தூக்கிப் போட மனசு வராத குணத்தில் அதை மண்ணெண்ணெயில் கழுவி வைத்திருந்தாள். அதையும் போட்டாள். கடைசியாக, சமையலறைச் சுவரில் தொங்கிய ஸ்பிரிங் தராசு.

பக்கத்துக் கடை வெல்டரிடம் மூன்று சக்கர லோடு வண்டி இருந்தது. அவள் போய் நின்று, சாவடி வரைக்கும் கொண்டுவிடு தம்பி, பாப்பா சாப்பாட்டை விட்டுட்டுப் போய்ட்டா என்றாள். அந்த நிமிஷத்தில்கூட அவள் வாயில் பொய்தான் வந்தது. வெல்டர் பையை வாங்கித் தூக்கிப் பார்த்தான்.

"சாப்பாடு நல்ல கனமா இருக்கேக்கா. சுத்தியலும் சாப்பிடுமா பாப்பா?" என்று சிரித்தான். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டியை அது போகக்கூடிய வேகத்துக்கு மேலேயே விரட்டினான்.

பின்னால் கம்பிகளுக்கு நடுவே இருவரும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி வந்தார். அவருடைய கையில் இது முதல் காயம் இல்லை. தெரியாமல் பட்ட முதல் காயமும் இல்லை. போன வருஷம் காலில் ஆணி ஏறி, செருப்பு முழுக்க ரத்தமாகி, அவள் தரையைத் துடைக்கும்போதுதான் கண்டுபிடித்தாள். டாக்டர் பாதத்தில் ஒரு கம்பியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். சர்க்கரை வியாதி ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டதில் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, கால் முடிந்தால் அடுத்தது கை என்றார். ஆறு மாதத்தில் அதுவும் வந்தது. சட்டைப் பொத்தானை அவரால் கண்ணால் பார்த்துத்தான் போட முடிந்தது. வாஷர் கையிலிருந்து விழுந்தால் விழுந்தது தெரியாமல் விரலைத் திருகிக்கொண்டிருப்பார். அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் வாஷரைப் பொறுக்கிக் கையில் வைப்பாள். வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதுகூட இல்லை. அவளாகவே மூடி மறைத்தாள். கை போய்விட்டது என்று தெரிந்தால் பத்தெண்ணியிடம் எவன் வண்டியை விடுவான்?

மகளுக்கும் தெரியாது. அவளுக்கும் அப்பாவுக்கும் ஒரு மாதமாகப் பேச்சு சரியில்லை. முப்பது கிலோமீட்டர் வேகம் தாண்டினால் வலது முன்சக்கரத்திலிருந்து உறுமல் வருகிறது, இடது பக்கம் திருப்பினால் அதிகமாகிறது, பெரிய ரோட்டில் புதிதாக வந்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் எல்லாத்தையும் அளவு பார்த்து முடுக்குகிறார்களாம், அங்கே விடப்போகிறேன் என்று அவள் சொன்னதுதான் சண்டை. மேஸ்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். நடுவில் புகுந்து சமாதானம் பண்ணியது கிரீஸக்காதான். மகளின் தலையை வாரிக்கொண்டே, பெத்த பொண்ணே வேற கடைக்குப் போனா அந்த மனுஷன் ஊருல தலைநிமிர முடியுமா, இந்த ஒரு தடவை விடு, அம்மாவுக்காக விடு என்று அவள் மனசைக் கரைத்தாள். கடைசியில் மகள், சரி, உனக்காக என்றாள்.

இன்று காலை ஆறு மணிக்கே வேலை தொடங்கியது. வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் டக் டக் என்று ஆட்டம். கழற்றிப் பார்த்தால் உள் பேரிங்கின் உருளைகளில் அம்மைத் தழும்பு போலக் குழி. பேரிங் உட்காரும் பழைய கிண்ணங்களை உளி வைத்துத் தட்டி எடுத்து, ஹப்பைக் கழுவி, புதுக் கிண்ணங்களை இறக்கி, அவள் கிரீஸ் அடைத்துக் கொடுக்க, கிரீஸ் வழியாமலிருக்க ரப்பர் சீல் போட்டு, ஹப்பை அச்சில் ஏற்றினார்கள். அப்புறம்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது. முதல் நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நன்றாக முடுக்க வேண்டும். புது பேரிங் கிண்ணத்தில் போய் உட்கார்ந்ததும் கொஞ்சம் திருப்பித் தளர்த்த வேண்டும். வாஷரைப் போட்டு அதன் மேல் இரண்டாம் நட்டை முடுக்கும்போது அது முதல் நட்டையும் சேர்த்துக் கொஞ்சம் நெருக்கும். அந்தக் கொஞ்சத்தையும் கணக்கு வைத்துத்தான் தளர்த்தியிருக்க வேண்டும். தளர்வாக விட்டால் சக்கரம் ஆடும், இறுக்கி விட்டால் வெந்துபோகும். நடுவில் இருக்கிற இடம் ஒரு மயிரிழைதான். மேஸ்திரிக்கு அந்த மயிரிழை மணிக்கட்டில் இருந்தது. பழைய நாளில் ஸ்பிரிங் தராசின் கொக்கியைச் சக்கர போல்ட்டில் மாட்டி இழுப்பார். ஹப் நகரத் தொடங்கும்போது முள் இரண்டு கிலோவுக்கும் மூன்று கிலோவுக்கும் நடுவில் நின்றால் சரி. கைக்குப் பழகியபின் தராசைச் சமையலறைக்குத் தந்துவிட்டார். அவள் அதில் காய்கறி நிறுத்துக்கொண்டிருந்தாள்.

முடுக்கி முடித்ததும் ஒரு விரலால் சக்கரத்தைத் தள்ளிவிட்டார். அது அரைச்சுற்று போய் நின்றது. அவள் பார்த்தாள். கொஞ்சம் சீக்கிரம் நிற்கிறதே என்றாள். புது கிரீஸு, அப்படித்தான் இருக்கும் என்றார். அவள் பார்வை சமையலறைச் சுவருக்குப் போனது. அவர் அதைக் கவனித்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். கோபம்கூட இல்லை, கெஞ்சல் மாதிரி ஒன்று. அவள் தராசை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இரண்டே நிமிஷ வேலை.

"நான் பார்த்தேன்," என்றாள் லோடு வண்டியின் சத்தத்துக்கு நடுவில். "அரைச்சுத்துல நின்னுச்சு. பார்த்துட்டும் விட்டுட்டேன்."

அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

சாவடியில் காவல்காரர் மேலூர்ப் போன் எடுக்கவில்லை என்று கையை விரித்தார். மணி ஒன்று பத்து. லோடு வண்டி அதற்கு மேல் ஏறாது. வளைவுகளை வெட்டிக்கொண்டு நேராக மேலே போகும் ஆட்டுப்பாதை ஒன்று இருந்தது, சறுக்குக்கு மேலே ஒன்பதாம் வளைவில் போய் ரோட்டைத் தொடும். ஆடு மேய்க்கிறவர்கள் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடுவார்கள். இவர்களுக்கு எத்தனை நேரமோ. தான் மட்டும் ஓடிப்போய்ச் சொல்லட்டுமா என்று வெல்டர் கேட்டான். அவனுக்கு ஆட்டுப்பாதை தெரியாது, பாதி வழியில் மூன்றாகப் பிரியும். நீ ரோட்டு வழியே நடந்து வா தம்பி, வழியில் பாப்பா வண்டி வந்தால் நிறுத்திவிடு என்று சொல்லிவிட்டு அவள் சேலையை இழுத்துச் செருகினாள்.

வெயில் போய் மேகம் மூடியிருந்தது. காற்றே இல்லை. முதல் கால் மணி நேரம் பாதை செங்குத்தாக ஏறியது. மேஸ்திரி கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தார், அப்படி வைக்காவிட்டால் அவருக்குத் தரை இருக்கிறதா என்றே தெரியாது. அவள் முன்னால் போய் நின்று நின்று திரும்பிப் பார்த்தாள். நில்லாமல் போ என்றார் அவர். எனக்காக நிக்காத.

"உங்களுக்காக நிக்கல. மூச்சு வாங்குது."

"என்னை விட்டுட்டுப் போ. பாப்பாதான் முக்கியம்."

"இப்ப தெரியுதா பாப்பா முக்கியம்னு?" என்றாள். சொன்னபின் அழுகை வந்தது. அழுதுகொண்டே ஏறினால் மூச்சு இன்னும் வாங்கியது. "நான் மட்டும் என்ன. உங்க மானத்தக் காப்பாத்தப் போயி என் பொண்ணத் தூக்கிக் குடுத்துட்டேனே. அவ வேற கடைக்குப் போறேன்னுதாங்க சொன்னா. போகட்டும்னு விட்டிருக்கலாம்ல."

கொஞ்ச தூரம் போனபின் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"எனக்கு ஜில்லுன்னு இருந்துச்சும்மா. சத்தியமா. நான் ஏமாத்தல."

"ஏமாத்தினீங்கன்னு யாரு சொன்னா?"

"ஜில்லுன்னுகூட இல்ல. ஒண்ணுமே இல்ல. ஒண்ணும் இல்லன்னா சூடு இல்லன்னுதானே நெனைப்போம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவருடைய இடது காலில் செருப்பு இல்லை. எங்கே விட்டார் என்று அவருக்குத் தெரியாது. ஏறி வந்த கற்களில் ஒன்றுவிட்டு ஒன்றில் ரத்தம் சிவப்பாக ஒட்டியிருந்தது. அவள் பையிலிருந்த துணியை எடுத்து அந்தக் காலைச் சுற்றிக் கட்டினாள். கட்டிக்கொண்டிருக்கும்போது அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் வளைவில் ரோட்டைத் தொட்டபோது இரண்டு மணி தாண்டியிருந்தது. மண்ணில் டயர் தடம் மேலே போகிறதா, கீழே போகிறதா என்று அவள் குனிந்து தேடினாள். ஏறிய தடம் மட்டும்தான். தடத்துக்கு வலது பக்கம், கல்லின் மேல் சொட்டுச் சொட்டாகப் பழுப்பு எண்ணெய். தொட்டு முகர்ந்தாள். அவள் கையால் அடைத்த கிரீஸ்தான், உருகி, சீல் வழியாக வழிந்து வந்திருக்கிறது. பத்தடிக்கு ஒரு சொட்டு. உள்ளே இனி கிரீஸே இருக்காது.

அப்போது மேலே இன்ஜின் சத்தம் கேட்டது. கூடவே, இன்ஜின் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு, கத்தி சாணை பிடிப்பது போல ஒரு கீச்சல். தூறலும் விழத் தொடங்கியது. அவள் ரோட்டின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள். மேஸ்திரி அவளை ஓரமாக இழுத்துவிட்டு அந்த இடத்தில் தான் நின்றார். அவள் அவரைப் பிடித்துத் தள்ளினாள். ஜீப் வளைவு திரும்பும்போது அப்பாவும் அம்மாவும் நடு ரோட்டில் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நிற்பதைத்தான் மகள் பார்த்தாள்.

நல்லவேளையாக அவள் முதல் கியரில், நடக்கிற வேகத்தில்தான் வந்தாள். சத்தம் கேட்டு ஏற்கெனவே சந்தேகம் வந்திருந்தது. வண்டி நின்றது. மேஸ்திரி முதலில் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். பிள்ளைகளையும் நர்ஸம்மாவையும் இறங்கச் சொன்னார். தூறல் ஹப்பின் மேல் விழுந்து சுர் சுர் என்று ஆவியாகிக்கொண்டிருந்தது. கடைசிப் பையன் அதை வேடிக்கை பார்க்கக் குனிந்தான். நர்ஸம்மா அவனைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்னம்மா இது?" என்றாள் மகள். "எப்படித் தெரிஞ்சுச்சு உங்களுக்கு?"

கிரீஸக்கா கணவரின் வலது கையைப் பிடித்து விரித்துக் காட்டினாள். மகள் அந்த அரைவட்டத்தைப் பார்த்தாள், ஹப் மூடியைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க பத்து எண்ணினீங்களே. நான் வண்டியில உக்காந்திருந்தேன். கேட்டேனே."

ஹப் ஆறாமல் எதையும் தொட முடியாது. தண்ணீர் ஊற்றவும் கூடாது, விரிசல் விடும். பாறையின் கீழே ஒதுங்கி நின்றார்கள். நர்ஸம்மா மருந்துப் பெட்டியைத் திறந்து, முதலில் காலை, பிறகு கையைப் பார்த்தாள். அவள் முகத்திலேயே சந்தேகம் தெரிந்தது. மேஸ்திரியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். நான் விரலைத் தொடும்போதெல்லாம் சொல்லுங்க என்றாள். பேனா மூடியால் ஆள்காட்டி விரலைத் தொட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நடுவிரலைத் தொட்டாள். ஒன்றும் இல்லை. பேனாவைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றாள்.

"தொட்டீங்க," என்றார் மேஸ்திரி, கண்ணை இறுக்கி மூடியபடி. சற்றுப் பொறுத்து, "இப்பவும் தொட்டீங்க. தெரியுது. நல்லாத் தெரியுது," என்றார்.

நாலு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரீஸக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"கண்ணத் தொறங்க," என்றாள். "போதும். யாரும் உங்களத் தொடல."

மகள் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவிடம்தான் திரும்பினாள்.

"எத்தன நாளா?"

"ஒரு வருஷம். கைக்கு ஆறு மாசம்."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் இந்த ஒரு தடவ விடுன்னு என் தலைய வாரிக்கிட்டே சொன்ன."

"ஆமா," என்றாள் அவள். மகள் ஜாக்கியை எடுத்துக்கொண்டு தூறலுக்குள் போய்விட்டாள்.

ஹப் ஆற முக்கால் மணி நேரம் பிடித்தது. அதற்குள் வெல்டர் நடந்து வந்து சேர்ந்தான். அவன் ஜாக்கி வைத்துத் தூக்க, மகள் ஆறு போல்ட்டையும் கழற்றினாள். வெளிப் பேரிங் நீலம் பாரித்து வெளியே வந்தது. உருளைகள் கூட்டை விட்டு விலகி, இன்னும் ஒன்றிரண்டு வளைவு போயிருந்தால் உதிர்ந்திருக்கும். சறுக்கில் உதிர்ந்திருக்கும். உள் பேரிங் தப்பியிருந்தது. பையிலிருந்து பழைய வெளிப் பேரிங்கை எடுத்து கிரீஸக்கா கிரீஸ் அடைத்தாள். அவசரத்தில் கிரீஸ் ஒழுங்காக ஏறவில்லை. மூன்று தடவை சுற்றினாள். ஒரு பேரிங்கின் கிண்ணத்தில் இன்னொரு பேரிங்கைப் போடக் கூடாது, வீடு போய்ச் சேர மட்டும்தான் இது தாங்கும் என்று மேஸ்திரி ஒரு கல்லில் உட்கார்ந்தபடி சொன்னார். நர்ஸம்மா அவர் கை முழுக்க வெள்ளைத் துணி சுற்றியிருந்தாள். ஸ்பானரை யார் பிடிப்பது என்று கேள்வி வந்தபோது மகளும் வெல்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிரீஸக்கா ஸ்பானரை எடுத்தாள். இருபத்தைந்து வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள், ஒரு தடவைகூட அந்த நட்டைத் தொட்டதில்லை.

முடுக்கு, சக்கரத்தச் சுத்திக்கிட்டே முடுக்கு என்றார் மேஸ்திரி. போதும், இப்ப தளர்த்து. எவ்வளவு என்று கேட்டாள். அவர் தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். திருப்பிய மணிக்கட்டில் துணிக்கட்டுதான் தெரிந்தது. அவரால் வார்த்தையில் சொல்ல முடியவில்லை, அவருக்கு அது வார்த்தையாக இருந்ததே இல்லை. அவள் இரண்டாம் நட்டை ஏற்றிவிட்டுத் தராசை எடுத்து போல்ட்டில் மாட்டி இழுத்தாள். ஏழு கிலோ. கழற்றினாள். மறுபடி. ஐந்து. காலையில் எவ்வளவு இருந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நான்காவது தடவை முள் இரண்டரையில் நின்று ஹப் நகர்ந்தது. நட்டு கழலாமலிருக்க வாஷரின் விளிம்பில் நீட்டியிருந்த காதை உளியால் மடித்துப் பூட்டினாள்.

மகள் தனியாக ஓட்டினாள். மற்ற எல்லோரும் பின்னால் நடந்தார்கள். தூறலில் சறுக்கின் மண் பிசைந்த மாவு போல இருந்தது, நர்ஸம்மா பிள்ளைகளைப் பாறைப் பக்கமாகவே நடத்திக்கொண்டு வந்தாள். கிரீஸக்கா அந்த வலது சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கூடவே நடந்தாள். மகள் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறாம் வளைவில் வண்டி நின்றதும் மேஸ்திரி நொண்டிக்கொண்டு முன்னால் வந்தார். வழக்கப்படி சக்கரத்தின் முன் குந்தி, துணி சுற்றிய கையை ஹப்பிடம் நீட்டினார். பாதி வழியில் அந்தக் கையைப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது.

கிரீஸக்கா அவர் பக்கத்தில் குந்தினாள். தன் உள்ளங்கையை ஹப்பின் மேல் வைத்து அழுத்தினாள். வெதுவெதுப்பாக இருந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டு மகள் கதவைத் திறந்து, அங்கிருந்தே எட்டிப் பார்த்தாள்.

"நீங்க எண்ணுங்க," என்றாள் கிரீஸக்கா.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு எண்ணினார். ஒன்று, இரண்டு. குரல் எப்போதும்போல வரவில்லை. ஐந்தில் அவள் முகத்தைப் பார்த்தார், ஏழில் மறுபடி பார்த்தார். எட்டு, ஒன்பது, பத்து. அவள் கை ஹப்பின் மேலேயே இருந்தது. அவர் நிறுத்தவில்லை. பதினொன்று என்றார். பன்னிரண்டு, பதின்மூன்று. பத்தோடு எத்தனை வண்டியை அனுப்பியிருப்பார். இப்போது அவருக்குப் பத்து போதுமா என்று தெரியவில்லை. இருபத்தைந்தைத் தாண்டியும் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

மகள் இறங்கி வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

"அப்பா," என்றாள். அந்தக் கையையும் அவர் உணரவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, குனிந்து அவர் காதருகில் இன்னொரு தடவை சொன்னாள். "அப்பா. போதும்."